பரலோகம் என்றதும் ஏன் பதறுகிறோம்?

கிறிஸ்தவ வீடுகளில் பரலோகத்துக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம். இரங்கல் சுவரொட்டியில் அது இருக்கும். அடக்க ஆராதனையில் சபை ஐயர் (போதகர்) வாசிக்கும் வேதபகுதியில் இருக்கும். நவம்பர் 2ஆம் தேதி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல்லறையின்மேல் செவ்வந்தி மாலையைச் சாத்தி மெழுகுவர்த்தி ஏற்றும்போது கொஞ்ச நேரம் நினைவுக்கு வரும். மற்ற நாட்களில் அதற்கு வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுந்து நின்று, "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று சபையாக அறிக்கை செய்கிறோம். உட்காரும்போதே மனம் மதியச் சாப்பாட்டுக்கோ, மறுநாள் அலுவலகத்துக்கோ போய்விடுகிறது. உலகத்திலேயே ஆகப் பெரிய செய்தியைச் சொல்லி முடித்த வாய் அது. ஆனாலும் நம் முகத்தில் எந்த மாற்றமும் தெரிவதில்லை.

இது என்னை விடாமல் உறுத்தத் தொடங்கியது எங்கள் வீட்டில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் பிறகுதான். அன்று நடந்தது சிறிய விஷயம். அங்கே இருந்த பலருக்கு இப்போது அது ஞாபகம்கூட இருக்காது. எனக்கு மட்டும் அது அடங்கவே இல்லை.

ஜெபக் குறிப்பேடு

என் அம்மாவின் அக்கா, நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அந்த வாரம் வட்டார ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. கூடத்தில் பாய் விரித்து, முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டு, வழக்கம்போலப் பாட்டு, வேதவாசிப்பு எல்லாம் முடிந்தது. பிறகு எங்கள் குழுவின் மூத்தவர் ஜெபக் குறிப்பேட்டைத் திறந்தார். ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். பிறகு அவற்றைப் பிரித்துக்கொண்டு ஜெபிப்போம்.

ஒருவருக்குப் புறநகரில் வாங்கிய மனைக்குப் பட்டா மாறுதல் இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு அக்காவின் மகளுக்கு விசா நேர்காணல். ஒரு வீட்டில் பையனுக்கு நீட் தேர்வு. இன்னொரு வீட்டில் கார் கடன் கிடைத்துவிட்டது, அதற்கு ஸ்தோத்திரம். இரண்டு பெண்களுக்கு வரன் அமைய வேண்டும். அலுவலகத்தில் எனக்கு வரவேண்டிய இடமாறுதலுக்காக நானும் ஒன்று சொன்னேன். எல்லாம் நியாயமான விண்ணப்பங்கள். பிதாவிடம் பிள்ளைகள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கடைசியாக, மூலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம், "டீச்சரம்மா, உங்களுக்கு?" என்று கேட்டார் மூத்தவர்.

"நான் பரலோகத்துக்கு ஆயத்தப்பட வேண்டும். அதற்காக ஜெபியுங்கள்" என்றார் பெரியம்மா.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. "ஐயோ, ஏன் டீச்சரம்மா இப்படியெல்லாம் பேசுகிறீர்கள்? ஆபரேஷன்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே" என்றார் ஒரு அக்கா. "நீங்கள் இன்னும் ரொம்ப காலம் இருப்பீர்கள், பேத்தி கல்யாணத்தைப் பார்ப்பீர்கள்" என்றார் இன்னொருவர். என் மகள் எழுந்து வந்து என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். மூத்தவர் தயங்கித் தயங்கி ஏதோ எழுதினார். பெரியம்மா கையை நீட்டி அந்த நோட்டைக் கேட்டார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நல்ல கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படித்தார். 'பெரியம்மாவுக்கு நல்ல சுகம், தீர்க்காயுசு' என்று எழுதியிருந்தது.

"தம்பி, நான் கேட்டது இது இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கைத் திருத்துகிற குரல் அது. "சாவு வர வேண்டும் என்று ஜெபிக்கவா சொன்னேன்? கல்யாண வீட்டுக்குப் போகிறவள் முந்தின நாளே புடவையை எடுத்து வைக்க மாட்டாளா? அதற்குத்தான் கேட்டேன். இதை ஏன் இழவுப் பேச்சாக எடுத்துக்கொள்கிறீர்கள்?"

யாரும் பதில் சொல்லவில்லை. மூத்தவர் நல்லவர். எழுதியதை அடித்துவிட்டு அவர் கேட்டபடியே எழுதினார், ஜெபமும் செய்தார். பிறகு சுண்டலும் காப்பியும் வந்தன, பேச்சு மறுபடியும் பட்டாவுக்கும் விசாவுக்கும் திரும்பியது. எனக்கு மட்டும் அந்தச் சில விநாடிகள் போகவே மறுத்தன. அந்தக் கூடத்தில் அவிசுவாசி என்று சொல்ல ஒருவரும் இல்லை. எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், திடப்படுத்தல் பெற்றவர்கள், மாதந்தோறும் திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள். யாரைக் கேட்டாலும் "பரலோகம் உண்டு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒருவர் அங்கே போக விரும்புகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதும் அத்தனை பேரும் அவரைத் தேற்றப் பார்த்தோம். ஏதோ தப்பான ஆசையிலிருந்து அவரை மீட்க வேண்டும் என்பதுபோல ஆளுக்கொரு சமாதானம் சொன்னோம். பரலோகம் உண்டா என்ற கேள்வியில் எங்கள் யாருக்கும் குழப்பம் இல்லை. அது நமக்கு வேண்டுமா என்ற கேள்வியில்தான் அன்று எல்லோரும் தடுமாறினோம்.

வயல், மாடு, கல்யாணம்

அன்று இரவு படுக்கையில் லூக்கா 14ஆம் அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருவன் பெரிய விருந்து செய்து அநேகரை அழைக்கிறான். எல்லாம் ஆயத்தமானபின், அழைக்கப்பட்டவர்கள் ஒருமிக்கப் போக்குச்சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், போய்ப் பார்க்க வேண்டும். ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறான், சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவனுக்குப் புதிதாகக் கல்யாணம். எழுந்து விளக்கைப் போட்டு வாசித்தேன். மனை, வாகனம், வரன். எங்கள் ஜெபக் குறிப்பேட்டின் அந்தப் பக்கம் அப்படியே அங்கே இருந்தது.

சிறுவயதிலிருந்து கேட்ட உவமைதான். ஆனால் அந்தக் காரணங்கள் எவ்வளவு கண்ணியமானவை என்பதை இப்போதுதான் நின்று பார்த்தேன். மூவரில் ஒருவனும் சூதாட்டத்துக்கோ சாராயக் கடைக்கோ போவதாகச் சொல்லவில்லை. சொல்லப்போனால் அவர்கள் பக்கம் நியாயப்பிரமாணமே பேசும். புது வீடு கட்டினவன், திராட்சத்தோட்டம் நாட்டினவன், பெண்ணை நியமித்துக்கொண்டவன் யுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்று உபாகமம் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. புதிதாக விவாகம் செய்தவனுக்கு ஒரு வருஷம் முழுக்க விலக்குக் கொடுக்கிறது 24ஆம் அதிகாரம். யுத்தத்துக்குப் போகாமலிருக்க அவை தகுந்த காரணங்கள். விருந்துக்குப் போகாமலிருக்கவும் அதே காரணங்களை எடுத்து நீட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விருந்து அவர்களுக்கு இன்னொரு கடமையாகத் தெரிந்திருக்கிறது. அழைத்தவனுடைய வீட்டில் என்ன காத்திருக்கிறது என்ற ஆவல் இருந்திருந்தால் வயல் எங்கே ஓடிப்போகும்?

விதைக்கிறவன் உவமையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. முள்ளுள்ள இடங்களில் விழுந்த விதையைப் பறவை கொத்திக்கொண்டு போகவில்லை, வெயில் தீய்க்கவில்லை. அது முளைத்தது, வளர்ந்தது. "உலகக் கவலைகளும், ஐசுவரியத்தின் மயக்கமும், மற்றவைகளைப்பற்றி உண்டாகிற இச்சைகளும்" உள்ளே புகுந்து வசனத்தை நெருக்கிப்போடுகின்றன என்கிறார் மாற்கு. நெருக்கம்தான் நம் நோய். பரலோக நம்பிக்கையை நம்மிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. நாத்திகர்கள் எத்தனையோ காலமாக நம் ஊரில் பேசிவருகிறார்கள், அதனால் சபை காலியாகிவிடவில்லை. துன்பமும் அதைக் கொல்வதில்லை. கடுமையான வியாதியிலும் இழப்பிலும்தான் பலருக்கு அது முதன்முறையாக உயிர் பெறுகிறது. எதுவும் பெரிதாகக் கெடாத ஒரு செவ்வாய்க்கிழமைதான் அதை மெல்ல மெல்ல நெருக்குகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்ததும் கை தேடுவது கைப்பேசியை. சூரியோதயப் படத்தின் மேல் ஒரு வசனம் வந்திருக்கும். அதற்கு இரண்டு கூப்பிய கைகளை அனுப்புவோம். வசனத்தைப் படித்தோமா என்று கேட்டால் நிச்சயமில்லை. அதன் கீழே பள்ளிக்கூடக் குழுவில் நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய வண்ணத்தாள். அதன் கீழே வங்கியிலிருந்து மாதத் தவணை நினைவூட்டல். அதன் கீழே குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர் லாரித் தகராறு. பல் துலக்குவதற்கு முன்பே உள்ளம் நிரம்பிவிடுகிறது. இதில் எதைப் பாவம் என்று சொல்லி விலக்குவது? ஒன்றையும் விலக்க முடியாது, அதனால்தான் இது ஆபத்து. "லவுகீக கவலைகளினாலும்" இருதயம் பாரமடையாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்று ஆண்டவர் சொன்னபோது, பெருந்திண்டியையும் வெறியையும் சொன்ன அதே வாக்கியத்தில் அதையும் சேர்த்துச் சொன்னார். குடிவெறியையும் வீட்டுக் கவலையையும் நாம் ஒரே வரியில் எழுதியிருக்க மாட்டோம். அவர் எழுத வைத்தார்.

சபையும் இதற்கு விலக்கல்ல என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பாடகர் குழு ஒத்திகை, கட்டட நிதி, அசன விழாவுக்கு அரிசி வசூல், கமிட்டிக் கூட்டம், தேர்தல் வந்துவிட்டால் மரத்தடிக்கு மரத்தடி பிரிந்து நிற்கும் அணிகள். கர்த்தருடைய வேலை என்ற பெயரிலேயே கர்த்தருடைய வருகையை மறந்துபோகிற அளவுக்கு நம்மால் மும்முரமாக இருக்க முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரங்களான அட்வெந்து நாட்களைப் பாருங்கள். சபையின் நெடுநாள் மரபில் மரணம், நியாயத்தீர்ப்பு, மோட்சம், நரகம் ஆகிய நான்கையும் தியானித்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை. இப்போது கேரல் பவனி எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்ற அட்டவணையிலும், கேக்கு எங்கே சொல்வது என்பதிலும், துணிக்கடையிலும் அவை கரைந்துபோகின்றன. கேரல் பவனி எனக்கும் பிரியமானதுதான். நள்ளிரவில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற வயதானவர்களுக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வரப்போகிறவரை எதிர்பார்க்கும் நாட்கள் என்று திருச்சபை ஆண்டில் குறித்து வைத்த ஒரே பருவத்தையும் இப்படி இழந்துவிட்டால் வேறு எந்த மாதத்தில் அதை நினைக்கப் போகிறோம்?

எழுபது வருஷம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புத்தாண்டு பிறந்ததும், வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு வரும். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுப்போம். பிள்ளைகள் ஓடிப்போய் விளக்கடியில் வாசிப்பார்கள். அந்த அட்டை ஆண்டு முழுக்க வேதாகமத்துக்குள்ளோ குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ இருக்கும். இந்த வழக்கத்தை நான் நேசிக்கிறேன். பெரியம்மாவின் அந்த வார்த்தைக்குப் பிறகு, வீட்டில் சேர்த்து வைத்திருந்த பழைய அட்டைகளை எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினேன். ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், உயர்த்துவேன், தலையாக்குவேன், எல்லையை விரிவாக்குவேன். எல்லாம் தேவனுடைய வார்த்தைகளே, ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "அவருடைய வாக்குத்தத்தத்தின்படியே நீதி வாசமாயிருக்கும் புதிய வானங்களும் புதிய பூமியும் உண்டாகுமென்று காத்திருக்கிறோம்" என்ற 2 பேதுரு வசனம் அதில் இல்லை. "இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை" என்ற வெளிப்படுத்தின விசேஷமும் இல்லை. "அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்று ஆண்டவர் தம் வாயால் சொன்னதும் இல்லை. டிசம்பருக்குள் கிடைக்கக்கூடிய வாக்குத்தத்தங்களை மட்டும் யாரோ பொறுக்கி எடுத்து அச்சடித்ததுபோல இருந்தது.

பரப்பியிருந்தவற்றில் எரேமியா 29:11 இருந்தது. அது இல்லாத கிறிஸ்தவ வீடு அரிது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." வேலைக்கும் திருமணத்துக்கும் தேர்வுக்கும் இந்த வசனத்தைத்தான் பிடித்துக்கொள்கிறோம். அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசித்தபோது திகைத்துப்போனேன். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி நிற்கிறான். இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும், கொண்டுபோனதெல்லாம் திரும்பி வரும் என்று ஜனங்கள் எல்லோருக்கும் முன்பாக அறிவிக்கிறான். கேட்க எவ்வளவு இனிமையான வாக்குத்தத்தம்! அது பொய் என்று எரேமியா சொல்கிறார். அவர் சொன்ன கணக்கு எழுபது வருஷம். 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே அது இருக்கிறது. அதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் அட்டையில் போட்டிருக்கிறோம்.

அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட ஒரு நாற்பது வயது மனிதனை நினைத்துப் பார்த்தேன். அவன் எருசலேமைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவன் மனைவியும் பார்க்கப்போவதில்லை. 'உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள்' அவனுடைய ஆயுசுக்குள் முடிகிறவை அல்ல. அப்படிப்பட்டவனிடம்தான் கடிதம், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று சொல்கிறது. நிலமும் கல்யாணமும் இங்கேயும் இருக்கின்றன! லூக்காவில் விருந்தைத் தடுத்த அதே காரியங்கள், பாபிலோனில் கீழ்ப்படிதலாக மாறியிருக்கின்றன. வித்தியாசம் எங்கே என்று வெகுநேரம் யோசித்தேன். பாபிலோனில் வீடு கட்டினவனுக்குத் தன் ஊர் எது என்று தெரியும். கூரை போடும்போதும் அவன் பிள்ளைக்கு எருசலேமைச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் திரும்பிப் போகப்போவது அந்தப் பிள்ளை. பட்டா வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். அதற்காக ஜெபிக்கலாமா என்றால், தாராளமாக. அந்த மனைதான் நம் கடைசி முகவரியா என்று கேட்டால் மட்டும் நம்மால் சட்டென்று பதில் சொல்ல முடிய வேண்டும்.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு எழும். பரலோகத்தைக் காட்டிக் காட்டித்தான் ஏழைகளை வாய்மூடி இருக்கச் செய்தார்கள், இருக்கிற உலகத்தைச் சரிசெய்யாமல் இல்லாத ஊருக்கு வழி சொன்னார்கள் என்று. இதை நான் மதித்தே கேட்கிறேன், ஏனென்றால் அப்படிப் பிரசங்கித்தவர்களும் உண்டு. ஆனால் எங்கள் திருநெல்வேலிச் சீமையின் மண்ணே வேறு சாட்சி சொல்கிறது. இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கிய ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. முப்பத்து மூன்று வருஷம். பனையேறிகளும் கொத்தர்களும் தங்கள் காலத்தில் முடியுமா என்று தெரியாத ஒரு கட்டடத்துக்குக் கல் சுமந்திருக்கிறார்கள். மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் டோனாவூரில் இருந்து, கோயில்களுக்குப் பொட்டுக்கட்ட விடப்படவிருந்த பெண் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார். 1931இல் விழுந்து அடிபட்டபின் 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார், வேலை நிற்கவில்லை. தம் கல்லறைமேல் நினைவுக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் அங்கே இருக்கிறது. தன் பெயர் வேறொரு புஸ்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று மெய்யாக நம்புகிற ஒருவரால்தான் கல்லில் பெயர் வேண்டாம் என்று சொல்ல முடியும். மேலே பார்த்தவர்கள் கீழே வேலை செய்யவில்லை என்று இவர்களைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றி 1 கொரிந்தியர் 15இல் அவ்வளவு நீளமாக எழுதிவிட்டு முடிக்கும் இடமும் இதுவே. ஆகையால் உறுதியாயிருங்கள், கர்த்தருக்குள் "நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று" அறிந்திருங்கள் என்கிறார்.

உண்மையில், பரலோக நம்பிக்கை நீர்த்துப்போனதால்தான் பூமியில் நாம் செய்யக்கூடாததைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி, நடுவே சுவர் வைத்த ஊர்கள் உண்டு. அந்தச் சுவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும் ஜனங்களிலும் பாஷைக்காரரிலுமிருந்து வந்த, ஒருவனும் எண்ணக்கூடாத திரளான கூட்டத்தைச் சிங்காசனத்துக்கு முன்பாக யோவான் கண்டார். எக்காளம் தொனிக்கும்போது சுவருக்கு இந்தப் பக்கம் எழுந்திருக்கிறவனும் அந்தப் பக்கம் எழுந்திருக்கிறவனும் ஒரே பந்தியில் உட்காரப்போகிறார்கள் என்று அந்தச் சபைகள் ஒரு நாளாவது மனதாரக் கற்பனை செய்திருந்தால் முதல் செங்கல்லை வைத்திருக்க முடியுமா? அசன விழாவில் ஒரே அண்டாவிலிருந்து சோறும் கறிக்குழம்பும் வாங்கி, பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று பாராமல் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் பரலோகத்துக்கு மிக அருகில் இருப்பதாக உணர்ந்திருக்கிறேன். அது வெறும் சாப்பாடு அல்ல, ஒத்திகை. அதையும் இடம் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எந்த விருந்துக்கு ஒத்திகை பார்க்கிறார்கள்?

தூக்கம் வரும் நிலம்

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட யாத்திரைக் கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழ்க் காப்பியமாகவே தழுவி, 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகத் தந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், கம்பனில் ஊறியவர். அந்த மூலக் கதையில் மாயச் சந்தையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது அதைவிட முக்கியமாகப் படுவது கடைசிப் பகுதியில் வரும் ஒரு நிலம். சிங்கமும் ராட்சதனும் இருட்டுப் பள்ளத்தாக்கும் எல்லாம் கடந்தாயிற்று. பரம நகரம் கிட்டத்தில் வந்துவிட்டது. அங்கே ஒரு வெளி, அதன் காற்றுப் பட்டாலே தூக்கம் வரும். அடிப்பார் இல்லை, மிரட்டுவார் இல்லை. கொஞ்சம் படுத்துவிட்டுப் போகலாமே என்று மட்டும் தோன்றும். படுத்தவர்கள் எழுந்திருப்பது சந்தேகம். இரண்டு பயணிகளும் அதை எப்படிக் கடக்கிறார்கள்? ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். தேவன் உன்னிடம் எங்கே ஆரம்பித்தார் என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொல்கிறார். அந்தப் பேச்சிலேயே நிலம் கடந்துபோகிறது.

இதில் ஏதோ ஒரு நடைமுறை ஞானம் இருக்கிறது என்று பட்டது. நம்பிக்கையை உயிரோடு வைத்துக்கொள்ள நான் தனியாக எடுக்கும் தீர்மானங்கள் எல்லாம் கைப்பேசியின் முதல் அதிர்வில் உதிர்ந்துவிடுகின்றன. ஆனால் பரலோகத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தால் அது வேறு. "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான் தெசலோனிக்கேயருக்கும் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டவர் வருகிறார், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், எப்பொழுதும் அவருடனேகூட இருப்போம் என்பவைதான் அந்த வார்த்தைகள். அடக்க ஆராதனையில் மட்டும் கேட்டுக் கேட்டு, அதை ஐயர் சொல்ல வேண்டிய வசனமாக விட்டுவிட்டோம். ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியது அது. திருவிருந்திலும் இதற்கு இடம் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து ஆராதனை முறையில், உமது மரணத்தை நினைவுகூருகிறோம், உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிறோம், வருகைக்காகக் காத்திருக்கிறோம் என்று சபையார் சொல்லும் பகுதி சிரியத் திருச்சபை மரபிலிருந்து வந்து சேர்ந்தது. காத்திருக்கிறோம் என்ற இடத்தில் இப்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்கிறது. பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை.

பெரியம்மா கண் தெளிந்து ஊருக்குப் போய்விட்டார். ஞாயிறு மாலைகளில் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். முதலில் உடம்பு விசாரிப்பு, ஊரில் யாருக்கு என்ன, மழை உண்டா என்றெல்லாம் போகும். பிறகு வேதத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களிலிருந்து ஏதாவது ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் எனக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை. பரிசுத்த நகரம் பரலோகத்தை விட்டு இறங்கி வருகிறது என்றல்லவா போட்டிருக்கிறது, நாம் மேலே போகிறோம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோமே என்று ஒருநாள் கேட்டேன். "இரண்டும்தான், பிள்ளை. இப்போது அவரிடம் போகிறோம். முடிவில் அவர் எல்லாவற்றையும் புதிதாக்கிக்கொண்டு நம்மிடம் வருகிறார்" என்றார். என் மகள் ஒருநாள் கைப்பேசியைப் பிடுங்கி, அங்கே முழங்கால் வலி இருக்குமா என்று கேட்டாள். "பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்" என்று பெரியம்மா வசனத்தைச் சொல்லி, அதை அவளுக்குப் புரிகிறபடி விளக்கினார். என் மகளுக்கு இப்போது அந்தப் பேச்சில் பயம் இல்லை. அன்று கூடத்தில் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டவள், இப்போது ஞாயிறு மாலையில் அவளே நினைவூட்டுகிறாள்.

எங்கள் ஜெபக்கூட்டத்திலும் சிறிது மாற்றம் தெரிகிறது. குறிப்புகளை எழுதி முடித்ததும், ஜெபிக்கத் தொடங்குவதற்கு முன், வரவிருக்கும் ராஜ்யத்தைப் பற்றி ஒருவர் ஒரு வசனம் வாசித்துவிட்டுத் தமக்கு அதில் எது பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று மூத்தவரே ஏற்பாடு செய்திருக்கிறார். சிலர் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார்கள். பட்டாவுக்காக ஜெபிக்கச் சொன்னவர் ஒருமுறை பேச ஆரம்பித்து, சிறுவயதில் இறந்துபோன தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருக்கு ஒரு தங்கை இருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பட்டா அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதற்காகவும் விடாமல் ஜெபிக்கிறோம்.

சென்ற வாரம் நானும் பெரியம்மாவும் வெளிப்படுத்தின விசேஷம் 22ஆம் அதிகாரத்துக்கு வந்திருந்தோம். "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவித்து" என்ற இடத்தில் பெரியம்மா நிறுத்திவிட்டார். அப்படியென்றால் அங்கே வேலை இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவருக்கு அங்கே என்ன வேலை இருக்கும், எல்லோரும் எல்லாவற்றையும் ஏற்கெனவே அறிந்திருப்பார்களா, இல்லை நித்தியம் முழுவதும் கற்றுக்கொள்ள ஏதாவது பாக்கி இருந்துகொண்டே இருக்குமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயரைப் பார்க்கும்போது கட்டாயம் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். நாளை ஆராதனை முடிந்ததும் கேட்க வேண்டும்.